சூட்டில் கிளம்பாத வண்டி

காலையில் அந்த பிக்கப் வண்டியை யாரும் குறை சொல்ல முடியாது. சாவியைத் திருகிய மறுநொடி எழுந்துகொள்ளும். துவைத்துத் தேய்த்த படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மூட்டை மூட்டையாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு லாண்டரி அக்கா ஏழரை மணிக்கெல்லாம் தெருமுனையைத் தாண்டிவிடுவாள். நான்கு லாட்ஜுகள், இரண்டு கிளினிக்குகள், ஒரு முதியோர் இல்லம். ஏழு இடத்திலும் சுத்தமானதை இறக்கிவிட்டு அழுக்கை ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

தொல்லை இரண்டாவது லாட்ஜில் ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருகினால் என்ஜின் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறப்போட்டால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும்.

"ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காத பிள்ளைக்குக் காலையில வயித்துவலி வருமே, அந்த மாதிரிக்கா இது" என்று லாட்ஜ் கிளார்க் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு இடத்திலும் என்ஜினை அணைக்காமலே விட்டுப் பார்த்தாள். கிளினிக் நர்ஸம்மா ஜன்னலைத் திறந்து, "பேஷண்டுக்கு மூச்சுத் திணறல்னு இங்க வராங்க. நீங்க புகை போடுறீங்களே" என்று சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு அணைக்காமல் விடவும் வழியில்லை.

டயர் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் இருந்த மெக்கானிக்கை ஊரே 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடும். எதைக் கொண்டுபோனாலும் அதைத்தான் சொல்வான். தப்பித்தவறி ஒருமுறை "இன்னிக்கே முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டான் என்றும், கேட்டவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது என்றும் டயர் கடைக்காரர் சொல்வார். அவன் முதலில் பேட்டரியை மாற்றினான். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினான். மூன்றாவது தடவை வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "வயசாயிடுச்சுக்கா. வித்துடுங்க" என்றான்.

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. என்னையும் சேர்த்து வித்துடலாமா?" என்று கேட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள்.

கணவர் இறந்தபின் அழுதுகொண்டே ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அதன் கிளட்சும் பிரேக்கும் தவிர வேறு எந்த வண்டியின் கிளட்சும் பிரேக்கும் அவள் காலுக்குப் பழக்கமில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வாள். நான்கு வருஷமாக அந்த நேரம் மாறியதில்லை. பேச்சும் மாறியதில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"சாப்பிட்டேன். உடம்பு?"

"பரவால்ல. அங்க மழையா?"

"இல்ல. சரிம்மா, வைக்கிறேன்."

கடமைக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிற தபால்காரரைப் போல இருக்கும். போனை வைத்தபின் அரை மணி நேரம் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. கேட்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் வரிசைகட்டி வந்து நிற்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மகள் கணக்கு வகுப்புக்குப் போவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, ஒரு மேசை, நகம் உடையாத ஒரு வேலை. மகளுக்காக அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தபோது, "பேனா மைம்மா" என்றாள் மகள். எந்தக் கறை எதிலிருந்து வந்தது என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுகிறவள், அதை ஒன்றரை வருஷம் நம்பினாள். ஒருநாள் அழுக்கு மூட்டையின் அடியில் கிரீஸ் அப்பிய ஒரு நீலச் சட்டை கிடைத்தது. கணக்கு வகுப்பு நடந்த அதே வளாகத்தில், பின்பக்கக் கட்டடத்தில் வண்டி ரிப்பேர் படிப்பு நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து வீட்டில் அம்மாவுடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். மகள் உள்ளே நுழைந்ததும் அம்மா அவள் கையை இழுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"பாருங்க. இந்தக் கையை எவன் பிடிப்பான்?"

அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மகள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் ஒரு பையோடு பஸ் ஏறினாள். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய நகரம். அங்கே பஸ் டெப்போவில் அவளுக்கு வேலை கிடைத்தது.

'நாளைக்கு' வண்டியை விற்கச் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமை, "சரிம்மா, வைக்கிறேன்" என்று மகள் சொல்வதற்கு முன்னால், ஏனென்று தெரியாமல் அம்மா வாயில் வந்துவிட்டது.

"வண்டி கிளம்ப மாட்டேங்குது."



"எப்ப கிளம்ப மாட்டேங்குது? காலையிலயா?"

"இல்ல, காலையில சமத்தாக் கிளம்பிடும். ஓடி, சூடாகி, அணைச்சாத்தான்."

"என்ஜின் வேகமாச் சுத்துதா, இழுத்து இழுத்துச் சுத்துதா?"

"வேகமாத்தான் சுத்துது."

"அப்ப பேட்டரி மேலயும் ஸ்டார்ட்டர் மேலயும் தப்பு இல்ல."

"ரெண்டையும் மாத்தியாச்சே!"

"யாரு? அவரா? எதுக்கு மாத்தினாரு?"

"கேட்டா நாளைக்குச் சொல்றேம்பாரு."

மகள் சிரித்துவிட்டாள். அடக்க நினைத்து முடியாமல் மூக்கு வழியாக வெடித்து வருகிற சிரிப்பு, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான்கு வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்டதும் அம்மா போனை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி, நாளைக்கு வண்டி நின்னதும் எனக்கு போன் பண்ணு. மதியம் சாப்பாட்டு நேரம்னா நான் எடுப்பேன்" என்றாள் மகள்.

திங்கட்கிழமை மூன்றாவது லாட்ஜில் வண்டி மக்கர் செய்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அது கிளம்பாமல் போனதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். மகள் கேட்டபடி வாட்ச்மேனைப் பின்னால் நிறுத்திச் சாவியைத் திருகினாள்.

"புகை வருதான்னு கேளு."

"புகை வருதாண்ணே?"

"ஒரு இழை கூட வரலைம்மா" என்றார் வாட்ச்மேன், சைலன்சருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி.

"புகையே இல்லன்னா டீசல் உள்ள போகலைன்னு அர்த்தம்" என்றாள் மகள். "எங்கயோ வழியில நிக்குது. கண்டுபிடிச்சிடலாம். நீ கவலைப்படாத."

நீ கவலைப்படாத. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் அன்று முழுவதும் நூற்றுநாற்பது விரிப்புகளைத் தேய்த்தாள்.

மறுநாள் டீசல் வருகிற ரப்பர் குழாயில் ஓரிடத்தில் கண்ணாடி போன்ற குழாயைப் பொருத்தச் சொன்னாள் மகள். காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'நாளைக்கு' அதை ஆச்சரியமாக அன்றைக்கே பொருத்திக் கொடுத்தான். குமிழி இல்லை. அதற்கடுத்த நாள் சாவியைத் திருப்பி, டீசலைத் திறந்து மூடும் வால்விலிருந்து 'டிக்' என்ற சத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். பானெட்டைத் திறந்து போனை உள்ளே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அம்மா. முதியோர் இல்லத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "யாருக்கும்மா போன்? என்ஜினுக்கா?" என்று கேட்டார்.

"எம்பொண்ணு பாக்குறா ஐயா."

"டாக்டரா?"

"ஆமாங்க" என்றாள், யோசிக்காமல்.

"டிக்குன்னு கேட்குதும்மா. வால்வு நல்லாத்தான் இருக்கு" என்றது போன்.

வியாழக்கிழமை மகள் சொன்னாள்: "என்ஜினுக்குப் பக்கவாட்டுல நாலு இரும்புக் குழாய் ஒரே இடத்துலருந்து கிளம்பி மேல ஏறும் பாரு. அதுதான் டீசல் பம்ப்பு. அடுத்த தடவை கிளம்பலைன்னா ஒரு துணியை நனைச்சு அதுமேல போடு. அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். தண்ணியை அப்படியே ஊத்திடாத, சூட்டுல உள்ள இறுகிக்கும். துணி மட்டும்தான்."

"நம்மகிட்ட துணிக்கா பஞ்சம்?"

"அதுக்கப்புறம் திருகிப் பாரு. கிளம்பினா பம்ப்புதான். கிளம்பலைன்னா வேற தேடணும்."

வெள்ளிக்கிழமை இரண்டாவது கிளினிக்கில் அவள் ஒரு துவாலையை நனைத்துப் பிழிந்து பம்ப்பின்மேல் போர்த்தினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போட்டதுபோல இருந்தது. ஐந்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சாவியைத் திருகினாள். வண்டி ஒரே சுற்றில் எழுந்துகொண்டது.

"வந்துடுச்சு!" என்று தன்னை மறந்து கத்திவிட்டாள். கிளினிக் ஜன்னலில் நர்ஸம்மாவின் தலை தெரிந்தது. உடனே போனை எடுத்து மகளின் எண்ணைத் தட்டப்போனவள், கடைசி நொடியில் கையை நிறுத்தினாள்.

சொல்லிவிட்டால் நாளைக்கு மதியம் போன் வராது.

அவ்வளவுதான் அவள் நினைத்தது. போனைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். மதியம் அது தானாகவே அடித்தது.

"என்னாச்சும்மா? துணி போட்டியா?"

"போட்டேன். சரியாத் தெரியல பாப்பா."

"தெரியலைன்னா? கிளம்புச்சா, இல்லையா?"

"கிளம்புற மாதிரி வந்துச்சு. அப்புறம் இல்ல."

அன்றிலிருந்து பதினோரு நாள், வண்டியின் முன்சீட்டில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துவாலையும் பயணம் செய்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் துவாலையைப் போர்த்துவாள், கிளப்புவாள், போவாள். மதியமானால் போனில், "இன்னிக்கும் நின்னுடுச்சு" என்பாள். நின்றது உண்மைதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மகள் விடாமல் தேடினாள். டெப்போவில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன் என்றாள். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன் என்றாள். இதற்கு நடுநடுவே வேறு பேச்சும் கசிந்து வந்தது. பஸ் என்ஜின் சூட்டுக்காக ஒரு பூனை உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளுமாம். ஒவ்வொரு நாளும் காலையில் அதைத் துரத்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்களாம். கேன்டீனில் உப்பே போட மாட்டார்களாம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேசியபோது, "இந்தப் பக்கம்தான் மெல்லுவேன், அந்தப் பக்கம் பல்லு இல்ல" என்றாள்.

"பல்லு இல்லையா? எப்பலேர்ந்து?"

"போன வருஷம் புடுங்கிட்டேன்மா. கடைவாய்ப்பல்லு. கன்னமெல்லாம் வீங்கி ஒரு வாரம் கிடந்தேன்."

அந்த ஒரு வாரத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும். வீங்கிய கன்னத்தோடு மகள் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லியிருப்பாள். இவளும் "மழையா?" என்று கேட்டிருப்பாள். அம்மா அன்று சாயங்காலம் முழுக்கத் தன் கடைவாய்ப்பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மகள் குரல் சோர்ந்திருந்தது. "என்னால பிடிக்க முடியலைம்மா. தூக்கத்துல கூட இதான் ஓடுது. போனை அவர்கிட்ட குடு, நானே கேட்டுக்கறேன்."

அப்போது அவள் 'நாளைக்கு'வின் ஷெட்டில்தான் நின்றிருந்தாள். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

"சொல்லும்மா. ஆமா, புகை இல்ல. ஆமா, வால்வு ஓகே. இதுல என்ன கண்டுபிடிக்க இருக்கு? ஈரத்துணி போட்டா உடனே கிளம்பிடுதே! ரெண்டு வாரமா உங்கம்மா வாளியும் துணியுமாத்தானே சுத்துறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

பிறகு அவன் போனைத் தள்ளிப் பிடித்து, குழப்பமாக அவளைப் பார்த்தான். "உங்ககிட்ட பேசணுமாம்க்கா."

"ஏம்மா சொல்லல?" என்றாள் மகள். கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"மறந்துட்டேன் பாப்பா."

"பதினோரு நாளா?"

 அவள் ஷெட்டுக்கு வெளியே வந்து டயர் கடைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"பம்ப்புக்குள்ள தேஞ்சிருக்கு" என்றாள் மகள், படித்த பாடத்தை ஒப்பிப்பதுபோல. "சூடானா டீசல் நீர்த்துப்போகும். தேஞ்ச இடத்து வழியா நழுவிடும். வேண்டிய அழுத்தம் வராது. ஆறினா கெட்டியாகும், கிளம்பும். கழட்டி பார்சல்ல அனுப்பு. இங்க பம்ப்புக் கடை இருக்கு, சரி பண்ணி அனுப்பறேன். கழட்டுறதுக்கு முன்னாடி பம்ப்புலயும் என்ஜின்லயும் சேர்த்து ஒரே கோடா ஒரு குறி போடச் சொல்லு. மாட்டும்போது ரெண்டு பாதியும் நேருக்கு நேர் வரணும்."

லாட்ஜ் துணிகளில் எண் போடுகிற அழியாத மையால் அவளே அந்தக் கோட்டைப் போட்டாள். 'நாளைக்கு' பம்ப்பைக் கழற்றிக் கொடுத்தான். பார்சல் ஆபீஸ் வாசல்வரை போனவள், வரிசையில் நிற்காமல் திரும்பி வந்தாள். துணிகளைக் கொண்டுபோகப் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரிடம் இரண்டு நாளைக்குச் சொல்லிவைத்துவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறினாள். பம்ப்பை மூன்று துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "குழந்தை தூங்குதா?" என்று கேட்டாள். மூட்டையின் ஓரத்திலிருந்து டீசல் வாடை வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டெப்போ வாசலில் காவலாளி மகளின் பேரைக் கேட்டதும் புரியாமல் விழித்தார். பிறகு, "ஓ, நம்ம காதுக்காரியா!" என்றார். அங்கே அவளுக்கு அதுதான் பெயர். என்ஜின் மேல் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாளாம். உள்ளே அறுபது எழுபது பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து நீல உடுப்பில் நகர்ந்து வெளியே வந்தவளை முதலில் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தோள் அகன்றிருந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையில் ஏதோ உதிரியோடு ஓடிவந்து, "இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லிட்டுப் போம்மா" என்று காத்து நின்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"பார்சல்ல அனுப்பச் சொன்னேன்ல?"

"வழியில உடைஞ்சிடுச்சுன்னா?"

"அது இரும்பும்மா."

இருவரும் பம்ப்புக் கடைக்கு நடந்தே போனார்கள். கடைக்காரர் பம்ப்பை ஒரு மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் சொன்ன இடம்தான், சொன்னபடிதான் தேய்ந்திருந்தது. நாளை நாலு மணிக்குக் கிடைக்கும் என்றார்.

மகளின் அறை மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்ன மேசை. மேசை மேல் காகிதங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் அந்தப் பம்ப்பின் படம், அம்புக்குறிகள், கேள்விக்குறிகள். பதினோரு நாளின் வேலை. அம்மா அவற்றை அடுக்கி வைத்தாள். வேறெதையும் செய்யத் தோன்றவில்லை.

மகள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள், மூலையில் சுருட்டிக் கிடந்த நீல உடுப்புகளை எடுத்துப் பக்கெட்டில் போட்டிருந்தாள்.

"அது போகாதும்மா. விடு."

"போகாத கறைன்னு ஒண்ணு இருந்தா எனக்குப் பொழைப்பே இல்ல" என்றாள் அம்மா. கடையிலிருந்து வரும்போதே வாங்கிவந்த சலவைத்தூள் பொட்டலத்தைப் பிரித்து, கிரீஸ் படிந்த இடங்களில் தூவி, விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கறுப்பு மெல்ல இளகி அவள் விரல்களுக்கு வந்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதை?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள் மகள். பிறகு, "காலர்கிட்ட இன்னும் இருக்கு பாரு" என்றாள்.

மறுநாள் பம்ப்பு வந்தது. பஸ் நிலையத்தில் அம்மாவால் அடக்க முடியவில்லை.

"நீயே வந்து மாட்டிக் குடேன். ரெண்டு நாள் போதும்."

"லீவு இல்லம்மா."

"அங்கயே ஒரு ஷெட்டு போட்டுடலாம். லாண்டரிக்குப் பின்னாடி இடம் சும்மாத்தானே கிடக்கு? அந்த 'நாளைக்கு'வை விட நீ எவ்வளவோ மேல். ஊரே உங்கிட்டத்தான் வரும்."

மகள் பம்ப்பு இருந்த பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். முடிச்சுப் போட்டு முடித்தபின் நிமிர்ந்தாள்.

"கோவத்துல இருக்கேன்னு நினைக்காதம்மா. முதல் வருஷம் இருந்தது. இப்ப இல்ல. எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

கோபமென்றால் அதற்கு ஏதாவது செய்யலாம். காலில் விழலாம், காத்திருக்கலாம், ஒருநாள் தணியும் என்று நம்பலாம். பிடித்திருக்கிறது என்று சொல்கிறவளை என்ன செய்வது? பஸ் கிளம்பி, ஊரைத் தாண்டி, வயல்களும் கம்பங்களும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் அதையே நினைத்தாள். நான்கு வருஷமாக மகள் திரும்பி வருகிற நாளுக்காக ஒரு கட்டிலை விரித்து வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை அதன் உறையை மாற்றுவாள். யாரும் படுக்காத அந்த விரிப்பைத்தான் அவள் மிக நன்றாகத் தேய்ப்பாள்.

'நாளைக்கு' பம்ப்பை மாட்டினான். மகள் போனில் வீடியோ வழியாகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் திருப்புங்கண்ணே. இன்னும். போதும், இறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மைக்கோட்டின் இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருகினார்கள். கிளம்பியது. காலையில் கிளம்புவது பெரிதில்லை என்று மகள் சொன்னாள். எனவே அம்மா அன்று ஏழு இடத்துக்கும் போனாள். இரண்டாவது கிளினிக்கில், நல்ல வெயிலில், வேண்டுமென்றே இருபது நிமிஷம் அணைத்துப் போட்டாள். பிறகு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் தொட்டாள். திருகி முடிப்பதற்குள் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சும்மா" என்றாள் மகள். "சத்தம் சுத்தமா இருக்கு. அவ்ளோதான், முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. இன்னும் பல வருஷம் தொல்லை குடுக்காது."

அடுத்த நாள் மதியம் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வண்டி எல்லா இடத்திலும் கேட்டவுடன் கிளம்பியது. வேலை முன்பைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்தது, அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். பல் இல்லாத பக்கம் வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றாள். அதற்குமேல் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பம்ப்பும் வால்வும் குழாயும் இல்லாமல் ஒருவரை ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்று அவர்கள் பழகியிருக்கவில்லை.

புதன்கிழமை மதியம். கிளினிக்குக்குப் பக்கத்து மரநிழலில் வண்டியை நிறுத்தி, அழுக்கு மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"என்னம்மா? மறுபடியும் நின்னுடுச்சா?" மகளின் குரலில் பதற்றம்.

"இல்ல இல்ல. வண்டி நல்லா ஓடுது."

"அப்புறம்?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பிரேக்கில் ஏதோ சத்தம் என்று சொல்லலாம். மகள் உடனே எந்தச் சக்கரம் என்று கேட்பாள். ஒரு வாரம் ஓடும்.

"ஒண்ணுமில்ல பாப்பா. உங்கிட்ட பேசணும் போல இருந்துச்சு. வேலையா இருந்தா வச்சிடு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமும் சத்தமும், யாரோ ஸ்பானரைக் கீழே போடும் சத்தமும் கேட்டன. வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

"இரும்மா, இங்க ஒண்ணும் கேக்கல. வெளிய வரேன்."

காலடிச் சத்தம். ஒரு இரும்புக் கதவு. பிறகு அமைதி.

"சொல்லு."

சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. அவள் கேட்டாள்: "இன்னிக்கு என்ன வேலை பார்த்த?"

 இந்தக் கேள்வியை மகளிடம் அம்மா இதுவரை கேட்டதில்லை. மகள் காலையில் வந்த ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மேட்டில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிற பஸ். மூன்று பேர் பார்த்துக் கைவிட்டது. முதலில் காற்று வடிகட்டியைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை, அப்புறம் பார்த்தால், என்று வேகம் பிடித்தது அவள் பேச்சு. அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் எங்கே நிறுத்துகிறாளோ அங்கே, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எப்போது வருவாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதை அவள் கேட்கவில்லை. மரநிழல் மெல்ல நகர்ந்து வண்டியின் மூக்கில் வெயில் ஏறியது. பின்னால் மூட்டைகள் காத்துக்கிடந்தன. மகள் அந்த பஸ்ஸின் கோளாறை இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை. நாளைக்கு மறுபடியும் பார்க்கப்போகிறாளாம்.

"என்னன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லு" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்றாள் மகள்.